கரூரில் நாளை ஆகிவிட்டது

செப்டம்பர் 8, ஞாயிறு

சமூக அறிவியல் ஆசிரியர் ராம்சரன் இந்தப் பருவம் முழுவதும் செய்ய ஒரு வேலை கொடுத்திருக்கிறார். இந்த நாட்டைப் பற்றி ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு கவனித்து, டிசம்பரில் கட்டுரையாகக் கொடுக்க வேண்டும். வகுப்பில் பலர் கிரிக்கெட்டை எடுத்தார்கள். பக்கத்து வீட்டு கெசாயா எண்ணெய்க் கிணறுகளை எடுத்தாள். நான் ‘நேரம்’ என்றேன். சார் மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். “இங்க நேரத்தைப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாங்களா?” என்று கேட்டார். வீட்டில் தினமும் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை.

முதலில் அடிப்படைத் தகவல்கள். என் பெயர் நறுமுகை. வயது பதின்மூன்று. ஜூன் மாதம் கரூரிலிருந்து ட்ரினிடாட் தீவுக்கு வந்தோம். கூவா என்ற ஊரில் இருக்கிறோம். அப்பா தங்கவேல் இங்கே ஓர் உரத் தொழிற்சாலையில் இன்ஜினியர். மூன்று வருட ஒப்பந்தம். எங்கே போனாலும் சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் நிற்பவர். அம்மா பூங்கோதை கரூரில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள். சம்பளமில்லாத விடுப்பில் வந்திருக்கிறாள். ஜனவரியில் வேலைக்குத் திரும்புகிறாளா இல்லையா என்று டிசம்பர் பதினான்குக்குள் தலைமையாசிரியைக்குச் சொல்லியாக வேண்டும். அம்மா போனால் நானும் போவேன். அப்பா இங்கே தனியாக இருப்பார்.

இதில் நான் எந்தப் பக்கமும் இல்லை. ஆராய்ச்சி செய்கிறவள் பக்கம் எடுக்கக் கூடாது.

சமையலறைச் சுவரில் கரூர் ஜவுளிக்கடை கொடுத்த தினசரி காலண்டர் தொங்குகிறது. மதியம் இரண்டரை மணிக்கு அம்மா தாளைக் கிழிப்பாள். அப்போதுதான் கரூரில் நள்ளிரவு தாண்டும். அதனால் எங்கள் சமையலறையில் சாயங்காலம் எப்போதும் நாளைய தேதிதான் இருக்கும். வந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட இது தவறியதில்லை.


செப்டம்பர் 11, புதன்

குழாய் ரிப்பேர்காரர் நேற்றுக் காலை “இதோ வந்துட்டேன்” என்று போனில் சொன்னார். அம்மா குளிக்கக்கூடப் போகாமல் காத்திருந்தாள். இன்று மதியம் சிரித்துக்கொண்டே வந்தார். “நேத்து மழை, மேடம்” என்றார். நேற்று மழை பெய்தது உண்மை. ஆனால் அது சாயங்காலம்.

சமையலறைக் குழாயைச் சரிசெய்தார். பிறகு, யாரும் கேட்காமலே தோட்டத்துக் குழாயையும் சரிசெய்தார். அம்மா தோசை கொடுத்தாள். நின்றுகொண்டே மூன்று சாப்பிட்டார். ஒருவர் தாமதமாக வந்ததைக் குறிக்கும்போது, வந்த பிறகு எவ்வளவு நேரம் இருந்தார் என்பதையும் குறிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அம்மாவிடம் சொன்னேன். “உங்கப்பாவுக்கு வக்கீல் வேண்டியதில்ல பாப்பா” என்றாள். நான் குழாய்க்காரரைப் பற்றித்தான் பேசினேன்.


செப்டம்பர் 15, ஞாயிறு

பக்கத்து வீட்டு ஜனெல் ஆன்ட்டி இன்று மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். கெசாயாவின் அம்மா. துறைமுகத்தில் சுங்க அலுவலகத்தில் வேலை. கணவர் டொபேகோ தீவில் வேலை செய்கிறார், மாதம் இரண்டு முறை வருவார். ஜனெல் ஆன்ட்டி உரக்கப் பேசுவார், உரக்கச் சிரிப்பார். என்னை ‘டூடூ’ என்று கூப்பிடுவார். இங்கே அது செல்லம் என்பது போல. (இங்கே எல்லோரும் பேசுவது ஆங்கிலம், அதிலும் வளைந்து ஓடும் ஓர் ஆங்கிலம். என் காதில் எப்படிக் கேட்கிறதோ அப்படித் தமிழில் எழுதிக்கொள்கிறேன்.)

ஒரு மணிக்கு என்று சொல்லியிருந்தார். அப்பா எங்களை வழக்கம்போல முன்னாலேயே அழைத்துப் போனார். அம்மா பட்டுச் சேலை. கதவைத் திறந்த ஜனெல் ஆன்ட்டியின் தலை முழுவதும் சுருள் உருளைகள். வீட்டு கவுன். பின்னால் சமையலறை மேஜையில் கோழி இன்னும் பனிக்கட்டியாக இருந்தது.

“அம்மாடியோ, வந்தே விட்டீங்களா!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “சரி, வந்தது வந்தீங்க. மிஸ் பூங்கோ, உள்ள வா. ஒரு கத்தி எடு, வெங்காயம் இருக்கு.”

அம்மா, “பரவாயில்லை, நாங்க இங்கயே உட்கார்றோம்” என்று சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அடுத்தவர் அடுப்படிக்குள் போகக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். மூன்று மணிவரை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தாள். மூன்றரைக்கு மற்ற விருந்தாளிகள் வந்தார்கள். ஒருவர் முகத்திலும் அவசரமில்லை, வெட்கமும் இல்லை.

சீஸ் போட்டுச் சுட்ட மக்ரோனி பை நன்றாக இருந்தது.

திரும்பி வந்ததும் அம்மா, “நேரத்துக்குப் போன நாமதான் அங்க பைத்தியக்காரங்க மாதிரி இருந்தோம்” என்றாள். பிறகு காலண்டரைக் கிழித்தாள். இன்று கொஞ்சம் தாமதம். அதற்காகவும் வருத்தப்பட்டாள்.


செப்டம்பர் 17, செவ்வாய்

பள்ளிக்கூடத்திலிருந்து கெசாயாவோடு பச்சைக் கோடு போட்ட மேக்ஸி வேனில் வருகிறேன். இது எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று இன்று ஓட்டுநரிடம் கேட்டேன்.

“நிறைஞ்சதும்.”

“எப்போ நிறையும்?”

“நீ ஏறினா ஒரு சீட் குறையும்” என்றார். வேனுக்குள் எல்லோரும் சிரித்தார்கள்.

கரூர் பஸ் ஸ்டாண்ட் ஷேர் ஆட்டோவும் இப்படித்தான் கிளம்பும். அங்கே இருந்தபோது இதை நான் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை. இங்கே வந்ததும் நோட்டை எடுக்கிறேன். ஏன்?


செப்டம்பர் 20, வெள்ளி

அப்பா ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். எட்டுக்கு வந்தார். தொழிற்சாலையில் ஒரு வால்வு கோளாறு.


செப்டம்பர் 27, வெள்ளி

மறுபடியும் வால்வு. அப்பாவின் சட்டையில் வறுத்த மீன் வாசனை அடித்தது. வால்வுக்குள் மீன் மாட்டிக்கொள்ளுமா என்று கேட்டேன். உரத் தொழிற்சாலை கடலோரம் இருப்பதால் கேட்டேன். அப்பா இருமினார். அம்மா, “போய்ப் படி” என்றாள்.


செப்டம்பர் 29, ஞாயிறு

மதியம் சாப்பிடும்போது அப்பா இந்த ஊர்க்காரர்களைப் பற்றிப் பேசினார். நேரத்துக்கு மரியாதை இல்லை என்றார். நான் ஆராய்ச்சிக்காக ஒன்று கேட்டேன்.

“அப்பா, மணி மாமா கல்யாண ரிசப்ஷனுக்குப் பத்திரிகையில ஆறு மணின்னு போட்டிருந்தாங்களே, நாம எட்டு மணிக்குத்தானே போனோம்?”

“அது வேற கண்ணு.”

“எப்படி வேற?”

“ரிசப்ஷனுக்கு எப்ப வேணா போலாம். தாலி கட்டற நேரம் பிசகுமா?”

ஆக, நமக்கும் இரண்டு விதமான நேரம் இருக்கிறது. ஒன்று தாலி நேரம். ஒன்று சாப்பாட்டு நேரம். அப்படியானால் இவர்களுக்குத் தாலி நேரம் எது? சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கெசாயாவிடம் கேட்டேன். அவள் கொய்யாப்பழத்தைக் கடித்துக்கொண்டே யோசித்தாள்.

“செத்த வீடு” என்றாள். “அதுக்கு யாரும் மணி பார்க்க மாட்டாங்க. கேள்விப்பட்டதும் செருப்பைப் போட்டுக்கிட்டுக் கிளம்பிடுவாங்க. காபி, உப்பு பிஸ்கட், நாற்காலி எல்லாம் எடுத்துக்கிட்டு. ராத்திரி பூரா வாசல்ல உட்கார்ந்திருப்பாங்க.”

“யாராவது கூப்பிடணுமா?”

“செத்த வீட்டுக்கு யாராவது கூப்பிடுவாங்களாடி?”

குறித்துக்கொண்டேன்.


அக்டோபர் 5, சனி

அப்பா ஒன்பது மணிக்கு வந்தார். சனிக்கிழமைகூட வால்வு.

சாயங்காலம் அம்மா கரூருக்குப் போன் செய்ய நினைத்து, அங்கே எல்லோரும் தூங்கும் நேரம் என்று வைத்துவிட்டாள். இங்கே சாயங்காலம் ஆகும்போது பேச அங்கே ஆளிருப்பதில்லை. அங்கே விழித்திருக்கும்போது இங்கே சமையல். ஒன்பதரை மணி நேர வித்தியாசம் என்பது கணக்கில் எளிது.


அக்டோபர் 13, ஞாயிறு

அம்மா அப்பாவிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான் பக்கத்து அறையில் பாடப்புத்தகத்தோடு இருந்தேன்.

“தீபாவளிக்குத் தெருக்காரங்களைக் கூப்பிடறேனுங்க. காலைல எட்டு மணிக்கு டிபன். ஒரே ஒரு நாள் சொன்ன நேரத்துக்கு வரட்டும். வந்தாங்கன்னா இங்க இருக்கறதப் பத்தி யோசிக்கறேன்.”

“வரலைன்னா?”

“டீச்சருக்குப் போன் பண்ணி, ஜனவரியில வர்றேன்னு சொல்லிடறேன்.”

“அன்னிக்கு லீவு போட்டர்றேன் கோதை” என்றார் அப்பா.

இரண்டு மாதமாகக் கேட்ட ஒரு கேள்விக்கு இப்போது ஒரு தேதி இருக்கிறது. ஆராய்ச்சிக்கு இது வசதிதான்.


அக்டோபர் 20, ஞாயிறு

அம்மாவும் நானும் வீடு வீடாகப் போய் அழைத்தோம். ஜனெல் ஆன்ட்டி, டயர் கடை வைத்திருக்கும் சுக்தேவ் அங்கிள் வீடு, எதிர்வரிசையில் இன்னும் இரண்டு வீடுகள். அம்மா ஒவ்வொரு வாசலிலும் தெளிவாக, “காலையில், எட்டு மணிக்கு” என்றாள். பள்ளிக்கூடத்தில் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எல்லோரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். சுக்தேவ் அங்கிளின் தாத்தாவின் தாத்தா இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவர். அவர்கள் வீட்டிலும் தீபாவளி உண்டு. “கட்டாயம் வர்றோம், தங்கச்சி” என்றார்.

கெசாயா மட்டும், “தீபாவளிக்கா? காலையிலயா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டாள்.


அக்டோபர் 30, புதன்

நாளை எல்லோரும் நேரத்துக்கு வர வேண்டும் என்று சாமி படத்துக்கு முன்னால் நின்றேன். இது ஆராய்ச்சியில் சேராது.


அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

நிறைய எழுத வேண்டும்.

விடியும் முன்பே அம்மா என் தலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்தாள். புதுச் சட்டை. ஆறரைக்கு முதல் ஈடு இட்லி வெந்துவிட்டது. மெதுவடை, கேசரி, அதிரசம், இரண்டு சட்னி. முன் கூடத்தில் வாழையிலை வரிசையாகப் போட்டாள். அப்பா வேட்டி கட்டி வாசலில் நின்றார்.

எட்டு மணி. தெருவில் ஒரு நாய் மட்டும் போனது. ஒன்பது மணிக்கு எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. யாரோ கொட்டாவி விட்டு மூடினார்கள். பத்து மணிக்கு அம்மா வடையை மறுபடி சூடாக்கினாள். நான் ஜனெல் ஆன்ட்டி வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டுமா என்றேன். “கூப்பிட்டாச்சு. போய்க் கெஞ்சணுமா?” என்றாள்.

பதினொன்றரைக்கு அம்மா இலைகளை ஒவ்வொன்றாக மடித்தாள். “இதெல்லாம் உங்க பிளான்ட்ல வாட்ச்மேனுங்களுக்குக் கொடுத்துடுங்க” என்றாள். அப்பா பாத்திரங்களைக் காரில் ஏற்றி, “ஒரு மணி நேரத்துல வந்தர்றேன்” என்று கிளம்பினார்.

இரண்டரைக்கு அம்மா காலண்டரைக் கிழித்தாள். “தீபாவளி முடிஞ்சுது” என்றாள். கேட்டைச் சாத்தி, திரைகளை இழுத்து, விளக்குகளை அணைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள். யார் வந்தாலும் கதவைத் திறக்காதே என்றாள். அப்பா ஒரு மணி நேரத்தில் வரவில்லை.

சாயங்காலம் திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். தெருவெல்லாம் அகல் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மதில்மேல், படிக்கட்டில், வளைத்துக் கட்டிய மூங்கிலில். சுக்தேவ் அங்கிள் வீடு முழுவதும் தீ பூத்ததுபோல இருந்தது. ஜனெல் ஆன்ட்டிக்கு இது பண்டிகையே இல்லை, அவர் வாசலிலும் பத்துப் பன்னிரண்டு விளக்குகள். எங்கள் வீடு மட்டும் இருட்டு. எங்கள் ஊரில் தீபாவளிக்கு யார் வரிசையாக விளக்கு வைக்கிறார்கள்? அது கார்த்திகைக்குத்தானே.

இருட்டியதும் அவர்கள் வந்தார்கள். எல்லோரும். ஜனெல் ஆன்ட்டி மஞ்சள் சல்வார் போட்டுக்கொண்டு, தலைமுடி அழகாகச் சுருண்டு. சுக்தேவ் அங்கிள் கையில் இனிப்புப் பெட்டி. “குட் நைட்!” என்று கேட்டில் நின்று கூப்பிட்டார்கள். இங்கே வரும்போதே குட் நைட் சொல்வார்கள்.

ஓடிப்போய் அம்மாவை எழுப்பினேன். “அம்மா, வந்துட்டாங்க!”

“மணி என்ன?”

“ஆறே கால்.”

“எட்டு மணிக்கு வரச் சொன்னேன். போகச் சொல்லு.”

போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரைக்குப் பின்னால் நின்றேன். வெளியே பேச்சு மெல்ல மெல்லத் தணிந்தது. சுக்தேவ் அங்கிள் குரல் கேட்டது: “ஒரு விளக்குகூட ஏத்தல. இந்து வீடு. தீபாவளி ராத்திரி.” பிறகு இன்னும் மெதுவாக: “ஊர்ல யாரோ தவறிட்டாங்க.”

ஜனெல் ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டார். எல்லோரும் திரும்பிப் போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது போல வேகமாக இந்தத் தெருவில் எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை. சுக்தேவ் அங்கிள் வீட்டுப் பாட்டு நின்றது. எதிர்வீட்டு ரேடியோ நின்றது. நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் ஜனெல் ஆன்ட்டி வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடைக்கு மாறி வந்து, கேட்டின் மேல் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தார். மடக்கு நாற்காலிகள் கார் ஷெட்டுக்குள் வந்தன. பெரிய ஃப்ளாஸ்க் நிறையக் காபி. உப்பு பிஸ்கட் டப்பா. யாரும் கதவைத் தட்டவில்லை. உட்கார்ந்தார்கள். ஜனெல் ஆன்ட்டி அடிக்குரலில் ஒரு ஜெபப் பாட்டைத் தொடங்கினார்.

கெசாயா சொன்னது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

“யாரு பாடறது?” என்று அம்மா எழுந்து வந்தாள். எண்ணெய்க் குளியலுக்குப் பின் பின்னாத கூந்தல், அழுது வீங்கிய கண்கள், கசங்கிய பழைய சேலை. கதவைத் திறந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஜனெல் ஆன்ட்டி வந்து அம்மாவை அப்படியே அணைத்துக்கொண்டார்.

“யாரு, மிஸ் பூங்கோ? அம்மாவா? அப்பாவா?”

அம்மாவுக்குப் புரியவில்லை. நான்தான் தமிழில் சொன்னேன். “விளக்கு ஏத்தலைன்னதும், நம்ம வீட்டுல யாரோ செத்துட்டாங்கன்னு வந்திருக்காங்கம்மா.”

“யாரும் சாகல” என்று அம்மா ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லிவிட்டு, நிஜமாகவே யாரோ செத்ததுபோல அழுதாள். ஜனெல் ஆன்ட்டி விடவில்லை.

“யாரும் சாகலைன்னா எதுக்கு இப்படி அழற?”

“எட்டு மணிக்கு இட்லி வெச்சிருந்தேன்.”

“காலையில எட்டா?” என்றார் ஜனெல் ஆன்ட்டி. “நிஜமாவே காலையிலயா? கெசாயா சொன்னாள். நான்தான், ‘தீபாவளியைக் காலையில யாருடி கொண்டாடுவாங்க, காலையிலேர்ந்து வீடு திறந்திருக்கும்னு சொல்றாங்க’ன்னு சொன்னேன்.”

“எங்க பாட்டன் காலத்திலேர்ந்து விளக்கு ஏத்தினாத்தான் தீபாவளி, தங்கச்சி” என்றார் சுக்தேவ் அங்கிள்.

“எங்களுக்கு விடியக்காலை எண்ணெய் தேய்ச்சாத்தான் தீபாவளி” என்றாள் அம்மா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. “வெயில் ஏறினா முடிஞ்சு போச்சு.”

ஜனெல் ஆன்ட்டிதான் முதலில் சிரித்தார். கையிலிருந்த ஜெபப் புத்தகத்தால் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “நாங்க நேரத்துக்கு வந்திருக்கோம், உன் தீபாவளி கிளம்பிப் போயிடுச்சு!” அம்மா சிரிக்கவில்லை. ஆனால் அவர் தோளிலிருந்து தலையை எடுக்கவும் இல்லை.

அந்த நேரத்தில்தான் அப்பாவின் கார் தெருமுனைக்கு வந்தது.

அப்பா என்ன பார்த்தார் என்று யோசித்துப் பார்க்கிறேன். தெருவெல்லாம் விளக்கு, தன் வீடு மட்டும் இருட்டு. கார் ஷெட்டில் வரிசையாக நாற்காலி, வெள்ளையும் கறுப்பும் உடுத்திய ஆட்கள், காபி. அப்பா நான்கு மாதத்துக்கு மேலாக இந்த ஊர்க்காரர்களோடு வேலை செய்கிறவர், அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். காரை நடுத்தெருவில் விட்டுவிட்டு, கதவைக்கூடச் சாத்தாமல் ஓடி வந்தார். அப்பா ஓடி நான் பார்த்ததே இல்லை. வேட்டி தடுக்கி ஒரு செருப்பு போய்விட்டது. “கோதை! பாப்பா! கோதை!” என்று கத்தினார்.

எங்களைப் பார்த்ததும் கேட் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது.

“நான்தான் போயிட்டேன்னு நினைச்சீங்களா?” என்றாள் அம்மா. குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் இருந்தது.

அப்பா தலையாட்டினார். பிறகு தமிழில், தரையைப் பார்த்துக்கொண்டு, “வால்வெல்லாம் இல்ல, கோதை. சீட்டு. ரம்மி மாதிரி இவங்களுக்கு ஒரு ஆட்டம் இருக்குது. நாலு பேரு சேர்ந்துட்டா எந்திரிக்க விட மாட்டாங்க” என்றார்.

“தெரியும். மீன் வாசனை.”

“இன்னிக்கும்…”

“அதுவும் தெரியும்.”

சுக்தேவ் அங்கிளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எழுந்து போய் அப்பாவின் செருப்பைத் தேடி எடுத்து வந்து அவர் காலடியில் வைத்தார். கெசாயாவும் நானும் அவர்கள் வீட்டிலிருந்து அகல்களைத் தட்டில் கொண்டு வந்து எங்கள் மதிலில் வைத்தோம். அம்மா தடுக்கவில்லை. எல்லோரும் செத்த வீட்டுக் காபியைக் குடித்து, உப்பு பிஸ்கட்டும் கொஞ்சம் மீதியிருந்த அதிரசமும் சாப்பிட்டார்கள்.

எட்டு மணிக்குக் கூப்பிட்டவர்கள் ஆறே காலுக்கு வந்தார்கள். கூப்பிடாதவர்கள் உடனே வந்தார்கள். இருவரும் ஒரே ஆட்கள். இதை அட்டவணையில் எப்படிப் போடுவது?


நவம்பர் 1, வெள்ளி

அப்பா சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் நிற்பவர் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அடிக்கவில்லை. பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

இன்று ஆறு மணிக்கு வந்தார்.


நவம்பர் 9, சனி

அம்மா இன்னும் தலைமையாசிரியைக்குப் போன் செய்யவில்லை. தீபாவளிக்கு யாரும் நேரத்துக்கு வரவில்லை என்பதால், அவள் சொன்னபடி பார்த்தால் செய்திருக்க வேண்டும். நான் நினைவூட்டவில்லை. ஆராய்ச்சியாளர் குறுக்கிடக் கூடாது.

அப்பா கேட்டார். “டிசம்பர் வரைக்கும் நாள் இருக்குதில்லீங்க” என்றாள்.


நவம்பர் 18, திங்கள்

ஜனெல் ஆன்ட்டி கெசாயாவின் கணக்குப் பரீட்சைத் தாளைக் கொண்டு வந்து மேஜையில் போட்டார். “இதைப் பார், மிஸ் பூங்கோ. பார்த்துட்டு நீ தீபாவளிக்கு அழுத மாதிரி ஒரு தடவை அழு.”

அம்மா அழவில்லை. சிவப்புப் பேனாவைத் தேடினாள். நாளையிலிருந்து நான்கு மணிக்குக் கணக்கு.


நவம்பர் 22, வெள்ளி

நான்கு மணிக்கு யாரும் வரவில்லை. கெசாயா நான்கே முக்காலுக்கு வந்தாள். சுக்தேவ் அங்கிளின் மகள் ஐந்துக்கு. முதல் இரண்டு நாள் அம்மா இதற்காகக் கோபித்துக்கொண்டாள். இன்று வாசலில் அமர்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, “மூணு பேர் சேரட்டும், வண்டி கிளம்பும்” என்றாள்.

நான் அவளிடம் மேக்ஸி பற்றிச் சொன்னதாக நினைவில்லை. மார்க்கெட்டுக்குத் தனியாகப் போய் வருகிறாள் போலிருக்கிறது.


டிசம்பர் 6, வெள்ளி

கட்டுரையைக் கொடுத்தேன். ராம்சரன் சார் என் முன்னாலேயே கடைசிப் பக்கத்தைப் படித்தார். “முடிவு எங்கே?” என்றார்.

“இன்னும் வரல சார்.”

“தாமதம்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அடுத்த பருவத்தில் கொடுக்கலாமாம். அடுத்த பருவத்தில் நான் இங்கே இருப்பேனா என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.


டிசம்பர் 11, புதன்

வெள்ளிக்கிழமை கார்த்திகை தீபம். அம்மா தெருவைக் கூப்பிட்டிருக்கிறாள். “மறுபடியும் தீபாவளியா?” என்றார் சுக்தேவ் அங்கிள். “இது எங்க விளக்கு” என்றாள் அம்மா. ஆறு மணிக்கு என்று சொல்லியிருக்கிறாள். சமையலை மட்டும் ஏழரைக்கு முடிவதுபோலத் திட்டமிட்டிருக்கிறாள். அவள் கணக்குப் போட்டால் சரியாகத்தான் இருக்கும்.


டிசம்பர் 13, வெள்ளி. கார்த்திகை

காலையிலிருந்து வேலை. நூறு அகலுக்குத் திரி திரித்தேன். பொரி கிடைக்கவில்லை, அட்டைப்பெட்டியில் வரும் காலை உணவு அரிசிப்பொரியை வாங்கி வந்தார் அப்பா. லீவு போட்டிருந்தார். அதிலேயே பொரி உருண்டை செய்துவிடலாம் என்றாள் அம்மா.

“அங்க தீபம் ஏத்தி முடிச்சிருப்பாங்களே அம்மா?” என்று கேட்டேன்.

“இங்க இனிமேத்தான் சாயங்காலம்” என்றாள்.

ஐந்தே முக்கால் மணிக்கு அம்மா நைட்டியில், குளித்த தலையைத் துண்டால் கட்டிக்கொண்டு, அடுப்பில் வெல்லப் பாகு வைத்திருந்தாள். கேட்டில் “குட் நைட்!” என்று சத்தம். எட்டிப் பார்த்தேன். ஜனெல் ஆன்ட்டி. தலை முழுவதும் சுருள் உருளைகள். வீட்டு கவுன். பின்னால் கெசாயா, சுக்தேவ் அங்கிள், அவர் மனைவி, மகள். ஒருவர் பாக்கியில்லை.

“அய்யோ, சொன்ன நேரத்துக்கு வந்துட்டாங்க!” என்று அம்மா அலறினாள். இந்த வாக்கியத்தை அம்மா வருத்தமாகச் சொல்லிக் கேட்பேன் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஜனெல் ஆன்ட்டி ஏற்கெனவே சமையலறை வாசலில் நின்றார். கையில் சொந்தக் கத்தி. “இந்தத் தடவை உன் நேரத்துக்கு வர்றதுன்னு தெருவே பேசி வெச்சோம். என்ன வெட்டணும், சொல்லு.”

அம்மா அவரைப் பார்த்தாள். தலையில் உருளைகள், தலையில் துண்டு. இருவரும் ஒருவர் தலையை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மாவின் அடுப்படிக்குள் இதுவரை குழாய்க்காரரைத் தவிர வெளியார் யாரும் வந்ததில்லை.

“உள்ள வா” என்றாள் அம்மா. “கத்தி வேண்டாம், கரண்டியைப் பிடி. பாகு முறுகுது. நிறுத்தாமக் கிண்டு.”

பிறகு எல்லோருக்கும் வேலை வந்தது. சுக்தேவ் அங்கிள் அகல்களுக்கு எண்ணெய் ஊற்றினார். அப்பா தேங்காய் துருவினார். இருட்டும் நேரத்தில் முதல் விளக்கை ஏற்றினோம். அம்மா இன்னும் நைட்டியில்தான் இருந்தாள்.

எட்டு மணிக்கு இரண்டாவது பாகு கொதித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கரூர். தலைமையாசிரியை. அங்கே பதினான்காம் தேதி விடிந்துகொண்டிருக்கும். அம்மாவின் இரண்டு கையிலும் வெல்லம். நான்தான் போனை அவள் காதில் பிடித்தேன். அவர் குரல் கணீரென்று எனக்கும் கேட்டது.

“என்ன பூங்கோதை, ஒரு வாரமா உன் போனுக்குக் காத்திருக்கேன். இன்னிக்குக் கடைசி நாளாச்சே?”

“டீச்சர், நாள் போனதே தெரியலைங்க.”

“உன் வாயிலேர்ந்தா இது வருது?”

அம்மா அடுப்பைப் பார்த்தாள். ஜனெல் ஆன்ட்டி நாக்கைக் கடித்துக்கொண்டு, கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக் கிண்டிக்கொண்டிருந்தார். வாசலில் அப்பா கெசாயாவுக்கு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஜனவரிக்கு வேற ஆளைப் போட்டுக்குங்க டீச்சர். ஜூன் வரைக்கும் லீவு நீட்டிக்க முடிஞ்சா நீட்டிக் குடுங்க. முடியலைன்னா…” பாகிலிருந்து ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டினாள். உருண்டது. “அப்புறம் கூப்பிடறேங்க டீச்சர். பதம் வந்துருச்சு. விட்டா இறுகிப்போகும்.”

நான் போனை அணைத்தேன். அப்பா வாசலிலிருந்து என்னைப் பார்த்து, என்ன என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். எனக்கு எந்தப் பக்கமும் இல்லை. ஆனாலும் ஓடிப்போய்ச் சொன்னேன்.


டிசம்பர் 15, ஞாயிறு

மதியம் மூன்று மணி. கரூரில் இப்போது திங்கட்கிழமை. சமையலறைச் சுவரில் இன்னும் வெள்ளிக்கிழமைத் தாள்தான் இருக்கிறது. மூலையில் கொஞ்சம் வெல்லம் ஒட்டியிருக்கிறது. அம்மா ஜனெல் ஆன்ட்டி வீட்டில் கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழம் நறுக்கப் போயிருக்கிறாள். இரண்டு மணிக்குக் கூப்பிட்டிருந்தார்கள், இரண்டுக்கே போய்விட்டாள்.

ஆராய்ச்சி செய்கிறவள் பொருள்களை இடம் மாற்றக் கூடாது. நான் தாளைத் தொடவில்லை.